வான்வழியும் கடல்வழியும்

உல்லாசக் கப்பலேறுவோரைத் தனி வாடகை விமானத்தில் நெடுந்தூரங் கடந்து துறைமுகஞ் சேர்ப்பது மேனாடுகளில் வழக்கம். கப்பல் புறப்படும் வேளைக்கு இசைய அவ்விமானங்கள் பறக்கும். பயணிகளின் பெட்டிகள் நேரே கப்பலறைக்குச் செல்வதும் உண்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பலாலி விமான நிலையமும் காங்கேசன்துறைத் துறைமுகமும் சில மைல் இடைவெளியிலேயே அமைந்துள்ளன. 1947 டிசம்பர் 10இல் எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து இவ்வழியாகவே சென்னை சென்றது. டக்கோட்டா வகையினதான அவ்விமானத்தின் உள்ளே காற்றழுத்தங் காக்கும் வசதியில்லை; ஆதலின் அது தாழவே பறந்தது. 2019 முதல் சென்னையிலிருந்து வந்த ஏ.டி.ஆர். 72 விமானத்தில் அக்குறை நீங்கிற்று. 2023இல் சென்னையிற் புறப்பட்ட எம்பிரஸ் என்னும் உல்லாசக் கப்பலும் காங்கேசன்துறையை அடைந்தது.

எனினும், நெடுந்தூரம் பறக்கும் பெரிய ஜெட் விமானங்கள் இறங்கப் பலாலி ஓடுபாதை போதாது. இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஊர் திரும்பும் முதியோர் கொழும்பிலோ சென்னையிலோ இறங்கி மீளவும் பிரயாணஞ் செய்தல் வேண்டும். பல மணி நேரம் அசையாதிருக்குங் கால்களில் இரத்தந் தேங்கும். விமானத்தின் வறண்ட காற்றினால் நாவுலரும். இடையிடையே எழுந்து நடத்தலும் நீர் பருகலும் அவர்க்கு இன்றியமையாதன. ஓடுபாதை நீளுங்காறும், விமானம் மாறுமிடத்திற் பெட்டி சுமக்கவும் வழிகாட்டவும் ஒருவர் உடனிருப்பதே அவர்க்குரிய மெய்யான சேவையாகும்.