கால் பெருவிரலின் தசைநாண் அறுபடுதலும் அதற்கான ரண சிகிச்சையும்

ஐப்பசித் திங்களில் நடைபெறும் கல்பாத்தித் தேர்த் திருவிழாவில் வடம் பிடிப்போர் வெறுங்காலுடன் நிற்பதை யாவரும் காணலாம். திருவிழாக் காலத்தில் மட்டுமன்றி, அன்றாடம் வீட்டினுள்ளும் காலணியின்றி நடமாடுவதே நம்மவர் வழக்கம். ஆகவே, அடுக்களையில் கை தவறி விழும் வெட்டுக்கத்தியோ கண்ணாடிப் பாத்திரத்தின் உடைந்த துண்டோ நேராகப் புறங்காலில் பாய்கிறது. காயம் சிறியதாயிருப்பின், துணியால் கட்டிவிட்டு அதனை மறந்துவிடுவோரும் உளர். சில நாட்கள் சென்ற பின்னரே பெருவிரல் நிமிராமல் தொங்குவது புலப்படுகிறது. இதற்குக் காரணம் யாது? பரிகாரம் யாது?

பெருவிரலை இயக்கும் வலிய தசைகள் விரலில் இல்லை. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட கணைக்காலில் உள்ளன. தேரை இழுப்போர் விலகி நின்று வடத்தின் வாயிலாக அதனை நகர்த்துவது போல, இத்தசைகள் தசைநாண் என்னும் வெண்ணிறக் கயிற்றின் வாயிலாக விரலை அசைக்கின்றன. தசைநாண் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆயது. கணைக்காலின் முன்புறத் தசையிலிருந்து வரும் நாண், புறங்காலில் தோலுக்குச் சற்றே அடியில் ஓடி, நகத்தின் கீழுள்ள கடை எலும்பில் சேர்கிறது; இது விரலை உயர்த்துவது. பின்புறத் தசையின் நாண், கணுக்காலின் உட்பக்கமாக வளைந்து, உள்ளங்கால் வழியே அதே எலும்பை அடைகிறது. இது விரலை மடக்கி, நடக்கும்போது நிலத்தை உந்த உதவுவது. மேலிருந்து விழும் கத்தி முன்னதை அறுக்கும். மிதிபடும் கண்ணாடி பின்னதை அறுக்கக்கூடும்.

வடம் அறுந்தால் இழுப்போர் தம் கையிலுள்ள முனையுடன் பின்னே சாய்வர். அவ்வாறே, நாண் முற்றிலும் அறுபட்டதும் தசை சுருங்கி, மேல் முனையைக் கணுக்காலை நோக்கி இழுத்துக்கொள்கிறது. முனைகள் விலகிவிடுவதால், தோல் ஆறினாலும் நாண் தன் பழைய நிலையில் கூடுவதில்லை. நாட்கள் செல்லச் செல்ல இடைவெளி வடுத்திசுவால் நிரம்பி, தசையும் குறுகிவிடுகிறது.

விரல் சற்று அசைகிறதே என்று அமைதி கொள்ளுதல் கூடாது. புறங்காலிலேயே அமைந்த சிறு தசை ஒன்று விரலின் அடி மூட்டை ஓரளவு உயர்த்த வல்லது. எனவே, நுனி மூட்டு தானே நிமிர்கிறதா என்பதையே நோக்குதல் வேண்டும். நாண் பாதி அறுபட்டிருந்தால் இச்சோதனையும் ஏமாற்றக்கூடும். ஆதலால் ஆழமான காயத்தை மருத்துவர் திறந்து பார்ப்பதே தக்கது. முதல் இரு விரல்களுக்கு இடையே உணர்ச்சி குன்றியிருப்பின், அருகிலுள்ள நரம்பும் வெட்டுப்பட்டிருக்கக்கூடும்.

சிகிச்சையில் காயம் முதற்கண் நன்கு கழுவப்படுகிறது. தேவையாயின் வெட்டை நீட்டி, உள்ளே சென்ற முனையைத் தேடி எடுத்து, நாணின் உள்ளே ஊடுருவிச் செல்லும் வலிய தையலால் இரு முனைகளையும் இணைக்கின்றனர். பின்னர், கணுக்கால் நேர்கோணத்திலும் விரல் உயர்ந்த நிலையிலும் இருக்குமாறு மாவுக்கட்டோ சிம்போ இடுவர். இது பொதுவாக ஆறு வாரம் வரை நீடிக்கும். நாண் சுற்றியுள்ள திசுவுடன் ஒட்டிக்கொள்ளாதிருக்க, மருத்துவரின் மேற்பார்வையில் பயிற்சி தொடங்கப்படுகிறது. கடும் உழைப்பிற்குச் சுமார் மூன்று மாதம் பொறுத்தல் நலம்.

காலம் கடந்து வருவோர்க்கு முனைகளை நேராக இணைத்தல் பெரும்பாலும் இயலாது. அப்போது மணிக்கட்டு போன்ற இடத்திலிருந்து நாண் ஒன்றை எடுத்து ஒட்டுப் போடுவர். அன்றி, இரண்டாம் விரலின் நாணைப் பெருவிரலுக்கு மாற்றுவர்.

ஒரு நாணை வேறொரு பணிக்கு அமர்த்தும் இக்கலை, நம் நாட்டில் தொழுநோய்ச் சிகிச்சையின் வாயிலாகப் பெரிதும் வளர்ந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1948-ஆம் ஆண்டு முதல் நோயாளிகளின் கைகளில் இதனைச் செய்தார். தொழுநோய் முழங்காலுக்குக் கீழுள்ள நரம்பைத் தாக்கினால் பாதம் உயராமல் தொங்கிவிடும். 1968-இல் டாக்டர் எச். சீனிவாசனும் அவருடைய துணைவர் இருவரும் இதற்கொரு முறையை விவரித்தனர். பாதத்தை உட்புறம் திருப்பும் தசையின் நாணை முன்புறம் கொணர்ந்து, இரண்டாகப் பிளந்து, ஒரு பிரிவைப் பெருவிரலை உயர்த்தும் நாணுடனும், மற்றதை ஏனைய விரல்களின் நாண்களுடனும் தைப்பதே அம்முறையாகும். இவ்வாறு, செயலிழந்த தசையின் பணியை உயிருள்ள தசை ஏற்கிறது.

புறங்காலில் வெட்டுப்பட்டால், தூய நீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுக. காப்பித்தூள், மஞ்சள் முதலியவற்றை அப்புதல் ஆகாது. அன்றே மருத்துவமனையை அடைந்து, ரணஜன்னித் தடுப்பூசி பற்றிக் கேட்டறிவதுடன், விரலின் நுனி மூட்டு நிமிரவில்லையெனில் அதனை மருத்துவரிடம் தவறாது கூறுக. முதல் சில நாட்களில் எளிய தையலால் முடியக்கூடியது, சில மாதங்கள் சென்றபின் பெரிய சிகிச்சையாகிவிடும்.