ரஸ்ட் நிரல்மொழியில் தரவு வகைகளும் மாறாத்தன்மையும்: தொடக்கநிலைக் கேள்விகள்

ரஸ்ட் என்பது இயங்குதளம், இணைய உலாவி, தரவுத்தளம் போன்ற அடித்தள மென்பொருள்களை எழுதப் பயன்படும் ஒரு முறைமை நிரல்மொழி ஆகும். மொசில்லா நிறுவனத்தில் பணியாற்றிய கிரேடன் ஹோர் 2006-ஆம் ஆண்டு இதைத் தன் சொந்த முயற்சியாகத் தொடங்கினார். 2009 முதல் மொசில்லா இதற்கு ஆதரவளித்தது. முதல் நிலையான பதிப்பான 1.0, 2015 மே 15 அன்று வெளியானது. 2021 பிப்ரவரியில் ரஸ்ட் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1 கருவகத்தில் ரஸ்டில் நிரல் எழுதுவதற்கான தொடக்கநிலை ஆதரவு சேர்க்கப்பட்டது.

பைத்தான் அல்லது ஜாவாஸ்கிரிப்ட் கற்றுவிட்டு ரஸ்டுக்கு வரும் மாணவர்கள் முதல் வாரத்திலேயே இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். ஒன்று, ஒரு மாறியின் மதிப்பை மாற்ற முயன்றால் தொகுப்பி மறுக்கிறது. மற்றொன்று, ஓர் எண்ணையும் இன்னோர் எண்ணையும் கூட்டினாலும் வகை பொருந்தவில்லை என்கிறது. இவ்விரண்டையும் சுற்றி எழும் கேள்விகளுக்குத் திருவண்ணாமலையைச் சார்ந்த எடுத்துக்காட்டுகளுடன் இக்கட்டுரை விளக்கம் தருகிறது. ரஸ்டின் குறிச்சொற்கள் இங்கே தமிழில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. நிரலில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

மாறி என்று பெயர், ஆனால் ஏன் மாறுவதில்லை?

ரஸ்டில் 'லெட்' என்ற குறிச்சொல்லால் ஒரு மாறியை உருவாக்குகிறோம்.

லெட் கிரிவலத்_தொலைவு = 14;

அடுத்த வரியில் கிரிவலத்_தொலைவு = 15 என்று எழுதினால் நிரல் தொகுக்கப்படாது. மாறாத மாறிக்கு இரண்டாம் முறை மதிப்பளிக்க முடியாது என்ற பொருளில் ஈ0384 என்னும் பிழை எண் திரையில் தோன்றும். மதிப்பு மாற வேண்டும் என்றால் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

லெட் மியூட் பக்தர்_எண்ணிக்கை = 0;

மலையைச் சுற்றிவரும் பாதை சுமார் 14 கிலோமீட்டர். நிரல் ஓடும்போது அது மாறப்போவதில்லை. பாதையில் நடப்பவர்களின் எண்ணிக்கையோ நொடிக்கு நொடி மாறும். இந்த வேறுபாடு நிரலை எழுதுபவரின் மனத்தில் மட்டும் இருந்தால் போதாது, நிரலிலும் தெரிய வேண்டும் என்பதே ரஸ்டின் அணுகுமுறை. ஆயிரம் வரிகள் உள்ள நிரலில் 'மியூட்' என்ற சொல் இல்லாத எண் மாறி ஒன்றைக் கண்டால், அதன் மதிப்பு கடைசி வரை அப்படியேதான் இருக்கும் என்று உறுதியாக நம்பி மேலே படிக்கலாம். பிழை தேடும் நேரத்தில் இதன் பயன் நன்றாகப் புரியும்.

இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் 'கான்ஸ்ட்' என்று ஒரு பட்டியலை அறிவித்தாலும் அதற்குள் புதிய உறுப்புகளைச் சேர்க்க முடியும். அங்கே பெயர் மட்டுமே பூட்டப்படுகிறது. ரஸ்டில் 'மியூட்' இல்லாமல் அறிவித்த வெக்டர் பட்டியலில் புதிய உறுப்பைச் சேர்க்க முடியாது, இருப்பதை மாற்றவும் முடியாது. பெயருடன் உள்ளடக்கமும் பூட்டப்படுகிறது.

மாறாத மாறியும் மாறிலியும் ஒன்றுதானா?

இல்லை. 'கான்ஸ்ட்' என்ற குறிச்சொல்லால் அறிவிக்கப்படுவது மாறிலி.

கான்ஸ்ட் ராஜகோபுர_உயரம்: யு32 = 217;

அருணாசலேசுவரர் கோயிலின் ராஜகோபுரம் 217 அடி உயரமுடையது. இந்த மதிப்பு நிரலை எழுதும்போதே தெரிந்தது. மாறிலிக்கு மூன்று விதிகள் உண்டு. அதன் வகையைக் கட்டாயம் எழுத வேண்டும். அதன் மதிப்பு தொகுக்கும் நேரத்திலேயே கணிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். அதன் முன் 'மியூட்' போட முடியாது.

மாறாத மாறி அப்படியன்று. பயனரிடம் கேட்டுப் பெறும் எண்ணையோ கோப்பிலிருந்து படிக்கும் பெயரையோ நிரல் ஓடும்போது அதில் இடலாம். இட்ட பிறகு மாற்றக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

அதே பெயரில் மீண்டும் 'லெட்' எழுதினால் பிழை வராதது ஏன்?

இதற்கு நிழலிடல் என்று பெயர். பயனர் தட்டச்சு செய்த "14" என்பது சரம். அதை எண்ணாக மாற்றி, அதே பெயரில் வைத்துக்கொள்ள விரும்பினால் இவ்வாறு செய்யலாம்.

லெட் தொலைவு = "14";
லெட் தொலைவு: யு32 = தொலைவு.பார்ஸ்().அன்ராப்();

இங்கே பழைய மாறியின் மதிப்பு மாறவில்லை. அதே பெயரில் புதிய மாறி ஒன்று பிறந்து பழையதை மறைக்கிறது. ஆகவே வகையும் மாறலாம்: முன்னது சரம், பின்னது எண். 'மியூட்' போட்ட மாறியில் இது நடக்காது. அதன் மதிப்பு மாறலாம், வகை மாறாது. நிழலிடலையும் மாற்றத்தையும் குழப்பிக்கொள்வது தொடக்கநிலையில் மிகவும் பொதுவான தவறு.

வகையை எழுதாவிட்டாலும் தொகுப்பிக்கு எப்படித் தெரிகிறது?

ரஸ்டில் ஒவ்வொரு மதிப்புக்கும் தொகுக்கும் நேரத்திலேயே ஒரு வகை தீர்மானிக்கப்படுகிறது. அதை நாம் எழுதாத இடங்களில், மதிப்பையும் அது பயன்படும் இடத்தையும் பார்த்துத் தொகுப்பியே ஊகித்துக்கொள்கிறது. வேறு குறிப்பு எதுவும் இல்லையென்றால் முழு எண்ணை ஐ32 என்றும், புள்ளி உள்ள எண்ணை எஃப்64 என்றும் எடுத்துக்கொள்ளும். முதலெழுத்து வகையைக் குறிக்கிறது: 'ஐ' என்றால் குறை எண்ணும் இடம்பெறும் முழு எண், 'யு' என்றால் சுழியமும் நேர்ம எண்களும் மட்டும், 'எஃப்' என்றால் மிதவைப் புள்ளி எண். அடுத்து வருவது அது நினைவகத்தில் பிடிக்கும் பிட்டுகளின் எண்ணிக்கை.

ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு ரஸ்ட் தானாக மாற்றாது. 14 என்ற முழு எண்ணுடன் 0.5 என்ற பின்ன எண்ணைக் கூட்டினால் பிழை வரும். எந்த வகையில் கணக்கிட வேண்டும் என்பதை நிரலரே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

சிறிய வகையைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்?

கிரிவலப் பாதையில் நடப்பவர்களை எண்ணும் நிரல் ஒன்றை எழுதுகிறோம் என்று கொள்வோம். எண்ணிக்கையை யு8 வகையில் வைத்தால் உச்ச மதிப்பு 255. யு16 என்றால் 65,535. கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலைக்கு வருபவர்கள் பல லட்சம் பேர். யு16 மாறியில் 65,535-க்கு அடுத்த ஆள் வரும்போது இரண்டில் ஒன்று நடக்கும். சோதனைக்காகத் தொகுத்த நிரல் என்றால் அது பிழை காட்டி நின்றுவிடும். வெளியீட்டுக்காகத் தொகுத்தது என்றால், இயல்பான அமைப்பில், எண்ணிக்கை சத்தமில்லாமல் 0-க்குத் திரும்பிவிடும். நெரிசல் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் பாதையில் ஆளே இல்லை என்று திரை காட்டும். யு32 வகையின் உச்ச மதிப்பு 4,29,49,67,295. இந்த வேலைக்கு அது தாராளம்.

அளவு மீறும் வாய்ப்புள்ள இடங்களில் 'செக்டு_ஆட்' என்ற செயற்கூறைப் பயன்படுத்தலாம். கூட்டுத்தொகை வகைக்குள் அடங்காவிட்டால் அது 'நன்' என்ற விடையைத் தரும். உச்ச மதிப்பிலேயே நிற்க வேண்டுமென்றால் 'சாச்சுரேட்டிங்_ஆட்' உண்டு.

வகை மாற்றத்திலும் இதே எச்சரிக்கை தேவை. 300 என்ற மதிப்புள்ள ஐ32 மாறியை 'ஆஸ்' என்ற குறிச்சொல்லால் யு8 ஆக மாற்றினால் பிழை வராது. 256 போக மீதியான 44 கிடைக்கும். 'ட்ரை_ஃப்ரம்' பயன்படுத்தினால் மதிப்பு அடங்காது என்பதைத் தெரிவிக்கும்.

இது ஏட்டுச் சிக்கல் அன்று. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் புறப்பட்டு ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. 64 பிட் மிதவைப் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றியபோது மதிப்பு அடங்காமல் போனதும், அந்தப் பிழையைக் கையாள நிரலில் வழி இல்லாததுமே தொடக்கக் காரணம்.

"திருவண்ணாமலை" என்ற சரத்தின் நீளம் என்ன?

தமிழில் நிரல் எழுதுவோர் கட்டாயம் அறிய வேண்டிய கேள்வி இது. ரஸ்டின் சரங்கள் எப்போதும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருக்கும். "திருவண்ணாமலை" என்ற சொல்லுக்கு மூன்று விதமான நீளங்கள் உண்டு.

1. பைட்டுகள்: 36. 'லென்' செயற்கூறு தருவது இதைத்தான்.
2. யூனிகோடு குறியீட்டுப் புள்ளிகள்: 12. 'சார்ஸ்' வழியாக எண்ணினால் இது கிடைக்கும்.
3. நாம் படிக்கும் எழுத்துகள்: 7. அதாவது தி, ரு, வ, ண், ணா, ம, லை.

தமிழ்க் குறியீட்டுப் புள்ளி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் 3 பைட்டுகளைப் பிடிக்கிறது. 'தி' என்பது 'த' என்ற எழுத்தும் இகரக் குறியும் சேர்ந்தது. ஆகவே அது இரண்டு புள்ளிகள், 6 பைட்டுகள்.

ஊர்ப்பெயரின் முதல் 10 பைட்டுகளை மட்டும் வெட்டி எடுக்கும் நிரல், ஆங்கிலத்தில் எழுதிய பெயருக்குச் சரியாக வேலை செய்யும். தமிழில் எழுதிய பெயரைக் கொடுத்தால் நிரல் நின்றுவிடும். 10 என்பது 3-ஆல் வகுபடாததால் வெட்டு ஒரு குறியீட்டுப் புள்ளியின் நடுவில் விழுகிறது. 9 பைட்டுகளை எடுத்தால் நிரல் நிற்காது, ஆனால் 'திரு' என்பதற்குப் பதிலாக 'திர' என்று வரும். இரண்டாவது பிழையைத் தொகுப்பியால் கண்டுபிடிக்க முடியாது, தமிழ் தெரிந்தவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாம் படிக்கும் எழுத்துகளாகப் பிரிப்பதற்கு 'யூனிகோட்-செக்மென்டேஷன்' என்ற நிரலகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே, சரத்தின் முதல் எழுத்தை 0 என்ற சுட்டெண்ணால் எடுக்க ரஸ்ட் அனுமதிப்பதில்லை. எந்த அலகில் கேட்கிறோம் என்பதை நாம் சொல்லியாக வேண்டும்.

மாறிக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம். 2021 ஜூனில் வெளியான 1.53 பதிப்பு முதல் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளிலும் பெயர்கள் அமையலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாகக் குறியேற்ற முடியும்: ஓகாரத்துக்கான ஒரே குறியைச் சேர்த்தோ, ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தோ எழுதலாம். மாறிப் பெயர்களில் ரஸ்ட் இவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். சரங்களின் உள்ளே அவ்வாறு செய்யாது. திரையில் ஒன்றுபோலவே தெரியும் இரண்டு "கோயில்" சரங்கள் சமமில்லை என்று விடை வரலாம். தேடல் வசதியுள்ள நிரல்களில் ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்க வேண்டும்.

எட்டு லிங்கங்களுக்கு எந்த வகை பொருந்தும்?

கிரிவலப் பாதையில் இந்திர, அக்னி, யம, நிருதி, வருண, வாயு, குபேர, ஈசான லிங்கங்கள் என எட்டு உள்ளன. ஒவ்வொன்றையும் சரமாக வைத்தால் எழுத்துப்பிழையும் செல்லுபடியாகும் மதிப்பாகிவிடும். 'ஈனம்' என்ற வகையில் எட்டு மதிப்புகளையும் பட்டியலிட்டால் ஒன்பதாவது மதிப்புக்கு இடமே இல்லை. மேலும், 'மேட்ச்' அமைப்பில் ஏழுக்கு மட்டும் விடை எழுதி ஒன்றை விட்டுவிட்டால், எது விடுபட்டது என்று பெயர் சொல்லித் தொகுப்பி நிறுத்தும்.

மாற்றத்தைக் கட்டுப்படுத்துவதால் பாதுகாப்பு எப்படிக் கூடுகிறது?

ஒரு மதிப்பை நகலெடுக்காமல் வேறொரு இடத்திலிருந்து பார்ப்பதை ரஸ்ட் 'கடன் வாங்குதல்' என்கிறது. இதன் அடிப்படை விதி எளிது: ஒரே நேரத்தில் படிப்பவர் எத்தனை பேரும் இருக்கலாம், அல்லது மாற்றுபவர் ஒருவர் மட்டும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது.

காரணத்தை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். பெயர்ப் பட்டியல் ஒன்றின் முதல் உறுப்பை ஒரு சுட்டு வழியாகப் பிடித்து வைத்திருக்கிறோம். அதற்குள் பட்டியலில் புதிய பெயர் சேர்கிறது. இடம் போதாததால் முழுப் பட்டியலும் நினைவகத்தில் வேறிடத்துக்கு நகர்கிறது. நாம் பிடித்திருந்த சுட்டு இப்போது காலி செய்யப்பட்ட பழைய இடத்தைக் காட்டுகிறது. சி++ மொழியில் இத்தகைய நிரல் தொகுக்கப்பட்டு ஓடவும் செய்யும், என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. ரஸ்டில் இது தொகுக்கும் கட்டத்தைத் தாண்டாது.

தாம் ஆண்டுதோறும் பதிவு செய்யும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 விழுக்காடு நினைவகப் பிழைகளால் ஏற்படுபவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் தெரிவித்தது. ஆண்ட்ராய்டில் இத்தகைய குறைகளின் பங்கு 2019-இல் 76 விழுக்காடாக இருந்தது. புதிய பகுதிகளை ரஸ்ட் போன்ற நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளில் எழுதத் தொடங்கிய பின் 2024-இல் அது 24 விழுக்காடாகக் குறைந்ததாக கூகுள் அறிவித்தது.

தொடக்கநிலையாளர் எதைக் கடைப்பிடிக்கலாம்?

முதலில் எல்லா மாறிகளையும் 'மியூட்' இல்லாமல் எழுதுங்கள். தொகுப்பி கேட்கும் இடத்தில், மாற்றம் உண்மையிலேயே தேவையா என்று யோசித்த பின் சேருங்கள். தேவையின்றிச் சேர்த்த 'மியூட்' இருந்தால் தொகுப்பி அதையும் எச்சரிக்கும். எண்ணுக்கு வகை தேர்ந்தெடுக்கும்போது அன்றாட அளவைப் பார்க்காமல், திருவிழா நாளின் அளவைப் பாருங்கள். சரங்களைக் கையாளும் நிரலை ஆங்கிலச் சொற்களோடு நிறுத்தாமல் தமிழ்ச் சொற்களிலும் சோதியுங்கள். பிழைச் செய்தி வந்தால் முழுமையாகப் படியுங்கள். ரஸ்டின் பிழைச் செய்திகள் பெரும்பாலும் எந்த வரியில் என்ன மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கின்றன.