பேசாமலே ஒரு சொற்பொழிவு!

மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிய கணக்கு

1903-ம் ஆண்டு, அக்டோபர் 31-ந் தேதி. அமெரிக்காவில் நியூயார்க் நகரம். கணித நிபுணர்களின் கூட்டம் நடந்துகொண்டு இருந்தது.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல் பேச வேண்டிய முறை வந்தது. அவர் எழுந்தார். ஆனால் பேசவில்லை. நேரே கரும்பலகைக்குப் போனார். சாக்பீசை எடுத்தார்.

1-ஐ இரட்டித்தால் 2. அதை இரட்டித்தால் 4. பிறகு 8, 16, 32... இப்படி 67 முறை இரட்டித்து, அதில் 1-ஐக் கழித்தால் என்ன வரும் என்று எழுதிக் காட்டினார். வந்தது 21 இலக்க எண்:

147573952589676412927

பிறகு பலகையில் வேறு இடத்தில் 193707721 என்று எழுதினார். அதை 761838257287-ஆல் பெருக்கினார். விடை? அதே 21 இலக்க எண்!

சாக்பீசை வைத்துவிட்டுத் தம் இடத்தில் போய் உட்கார்ந்தார். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கூட்டத்தினர் பலமாகக் கை தட்டினார்கள்.

இதில் என்ன அதிசயம்?

7-ஐ 1-ஆலும் 7-ஆலும்தான் மீதி இல்லாமல் வகுக்கலாம். 13-ம் அப்படியே. இத்தகைய எண்ணுக்குப் "பகா எண்" என்று பெயர்.

அந்த 21 இலக்க எண்ணும் பகா எண்தான் என்று 1644-ல் பிரான்சு நாட்டுத் துறவி மெர்சென் எழுதினார். அது தவறு என்று 200 ஆண்டுகளுக்கு மேல் எவரும் நிரூபிக்கவில்லை.

1876-ல் பிரான்சைச் சேர்ந்த எட்வார்ட் லூகாஸ், அது பகா எண் அல்ல என்று நிரூபித்தார். அப்படியானால் எந்த எண்ணால் வகுபடும்? அதை அவரால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குள் திருடன் இருக்கிறான் என்று தெரிந்தது, ஆள் அகப்படவில்லை!

27 ஆண்டுகளுக்குப் பிறகு ஆளைப் பிடித்தவர்தான் கோல்.

இதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று பெல் என்ற கணித நிபுணர் பின்னாளில் அவரிடம் கேட்டார். மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல். பேசாத சொற்பொழிவின் கதையையும் தமது நூலில் எழுதியவர் பெல்தான்.

பெருக்குவது எளிது

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். 23-ஐ 89-ஆல் பெருக்கினால் 2047. பள்ளிப் பிள்ளைகூடச் சட்டென்று போட்டுவிடும். ஆனால் 2047-ஐ மட்டும் சொல்லி, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று கேளுங்கள். பெரியவர்களும் திணறுவார்கள்!

கோல் பிரித்த எண்ணை இன்று கம்ப்யூட்டர் ஒரு நொடிக்குள் பிரித்துவிடும். ஆனால் இரண்டு மிகப் பெரிய பகா எண்களைப் பெருக்கி, 600 இலக்கத்துக்கு மேல் ஓர் எண் செய்தால், கம்ப்யூட்டரும் திணறுகிறது. அந்த எண்ணே பூட்டு. இணையத்தில் செல்லும் ரகசியங்களைக் காக்க இத்தகைய பூட்டுகள் பயன்படுகின்றன.

கோல் 1926-ல் காலமானார். அவர் பேசாத அந்தச் சொற்பொழிவைப் பற்றி உலகம் இன்றும் பேசுகிறது.