மருத்துவர் கேட்ட முதல் கேள்வி

படிவம் நான்கில் ஞாயிற்றுக்கிழமை இரவானால் எனக்கு வயிறு வலிக்கும். திங்கட்கிழமை பள்ளிக்குப் போக முடியாது. கண் பட்டிருக்கும் என்று அம்மா சுற்றிப் போட்டார். கிளினிக் மருத்துவரோ வயிற்றில் கோளாறு இல்லை என்று சொல்லி, மனநல மருத்துவரைப் பார்க்கக் கடிதம் கொடுத்தார். “என் பிள்ளை என்ன பைத்தியமா?” என்றார் அப்பா. மூன்று மாதம் அப்படியே போனது.

ஒருவழியாக, கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலேறி, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தனியார் கிளினிக்குக்குச் சென்றோம். சிறார், பதின்ம வயதினருக்கான மனநல மருத்துவர் அவர். “ராத்திரி நல்லா தூங்குறியாமா?” என்பதே முதல் கேள்வி. பிறகு சாப்பாடு, தோழிகள், பள்ளி எனப் பேச்சு நீண்டது. பெற்றோரிடமும் என்னிடமும் தனித்தனியாகப் பேசினார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே பெற்றோரிடம் சொல்வேன் என்று முன்கூட்டியே கூறினார். அம்மா தமிழில் சொன்னதையும், நான் மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னதையும் சேர்த்துப் பார்த்துத்தான், இது பதற்றக் கோளாறு என்றார்.

உளவியலாளர் வேறு, மனநல மருத்துவர் வேறு. பின்னவர் மருந்து எழுதித் தரும் தகுதி பெற்ற மருத்துவர். மருத்துவப் பட்டத்துக்கு 5 ஆண்டு, பயிற்சி மருத்துவராக 2 ஆண்டு, மனநல மருத்துவ முதுகலைக்கு 4 ஆண்டு, அதற்குமேல் சிறார் பிரிவில் தனிப் பயிற்சி. வெளிநோயாளி கிளினிக்கில் வார்டு கிடையாது. பிள்ளை அன்றே வீடு திரும்புவதால், வீட்டாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வது அவர் வேலையில் பெரும்பங்கு.

சுகாதார அமைச்சின் 2022ஆம் ஆண்டு ஆய்வில், இடைநிலைப்பள்ளி மாணவர்களில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பது தெரியவந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவை நாடாளுமன்றம் 2023இல் நீக்கியது. சட்டம் மாறிவிட்டது, வீடுகள்தான் இன்னும் மாறவில்லை. 18 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகிச்சை அளிக்கப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் தேவை. அப்பா ‘சரி’ என்று சொல்லியிருக்காவிட்டால் நான் அந்த அறைக்குள் போயிருக்கவே முடியாது.

நண்பர்களே, “எனக்கு மனநோய்” என்று தொடங்கினால் வீட்டார் பயந்துவிடுவார்கள். “இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை” என்று நடப்பதைச் சொல்லுங்கள். வீட்டில் பேச முடியாவிட்டால் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் பெற்றோரிடம் பேசலாம்.

தனியார் கிளினிக்கில் ஒரு சந்திப்புக்கே சில நூறு ரிங்கிட் ஆகலாம். வசதியில்லாதவர்கள் அரசாங்க சுகாதார கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்த்து, கடிதம் பெற்று, அரசாங்க மருத்துவமனை நிபுணரிடம் செல்லலாம். காத்திருக்க வேண்டிவரும், ஆனாலும் வழி இருக்கிறது. மனம் தாங்காத நேரத்தில் சுகாதார அமைச்சின் 15555 எண்ணையோ, பிஃரெண்டர்ஸின் 03-7627 2929 எண்ணையோ அழையுங்கள். என்னைப் போல மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம்.