முழங்கால் வீக்கம்: சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

காலையில் எழுந்தால் அம்மாவின் முழங்கால் பந்து மாதிரி வீங்கியிருக்கிறது. ‘வயசாச்சு, தேய்மானம்தான்’ என்று தைலத்தைத் தேடுகிறோம். தேய்மானமாக இருக்கலாம், யூரிக் அமிலத்தால் வரும் கவுட்டாகவோ, கிருமித்தொற்றாகவோகூட இருக்கலாம். வீக்கத்தோடு காய்ச்சல், மூட்டில் சூடு, காலை அசைக்கவே முடியாத வலி இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். கிருமி சில நாள்களிலேயே மூட்டைக் கெடுத்துவிடும்.

டாக்டர் ஊசியால் மூட்டு நீரை எடுத்தால் பயப்பட வேண்டாம். முட்டிச் சில்லை அழுத்திப் பார்த்தே நீர் கோத்திருப்பதைக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் கவுட்டா, கிருமியா என்பது அந்த நீரைப் பரிசோதித்தால்தான் உறுதியாகும்.

வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைப் படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-10 பட்டியலில் மூட்டில் நீர் கோத்தலுக்கு எம்25.4, முழங்கால் தேய்மானத்துக்கு எம்17, கவுட்டுக்கு எம்10 என்று தனித்தனிக் குறியீடு உண்டு. காரணம் தெரிந்த பிறகும் வெறும் ‘வீக்கம்’ என்றிருந்தாலோ, வலதா இடதா என்று இல்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் கிளெய்மில் கேள்வி வரலாம். டாக்டரிடமே சொல்லித் திருத்தி வாங்குங்கள். நீங்களே பேனாவை எடுத்துவிடாதீர்கள்!