ஃபெதர்ஸ்டன்ஹா: ஓர் ஆங்கிலக் குடிப்பெயர்

ஆங்கிலேயரின் குடிப்பெயர்களுள் அருகி வழங்குவது ஃபெதர்ஸ்டன்ஹா. ஆங்கிலத்தில் அதனை எழுத 17 எழுத்துகள் வேண்டும். ஆனால், அப்பெயருடையாருள் பலர் 'ஃபேன்ஷா' என இரண்டே அசைகளில் ஒலித்து முடித்துவிடுவர்.

'ஃபெதர்' என்றால் இறகு அன்றோ, இறகுக்கும் கல்லுக்கும் என்ன தொடர்பு என ஐயுறுவோர் உண்டு. இறகுக்கு இங்கே வேலையில்லை. இது முதற்கண் ஓர் இடப்பெயர். இங்கிலாந்தின் வடகோடியாகிய நார்தம்பர்லாந்தில், தென் டைன் ஆற்றங்கரையில் உள்ளது அவ்விடம். பழைய ஆங்கிலத்தில் 'ஃபெதர்' என்னும் முன்னொட்டு நான்கு என்னும் எண்ணைக் குறித்தது. 'ஸ்டான்' என்பது கல். மூன்று கற்களை நிறுத்தி, மேலே ஒன்றைக் கிடத்திய பழங்காலக் கற்சின்னமே அந்த நாற்கல் என்பர் இடப்பெயர் ஆய்வாளர். ஈற்றிலுள்ள 'ஹா' ஆற்றோரத் தாழ்நிலத்துக்கு வடபுலத்தார் வழங்கிய சொல். நாம் படுகை என்போமே, அதுதான். ஆக, 'நாற்கற் படுகை' என்பதே பொருள்.

மலையமான் நாடு மலாடு ஆனதையும், சோழநாடு சோணாடு ஆனதையும் மரூஉ எனப் பயிற்றும் ஆசிரியர்களுக்கு இச்சிதைவு புதுமையன்று. வேறுபாடு ஒன்றே. நாம் மருவிய வடிவையே எழுதினோம். ஆங்கிலேயரோ நாவில் மருவவிட்டு, ஏட்டில் பழையதையே காத்தனர்.

எனினும், ஒலியை மட்டும் கேட்டு உறவு கூறுதல் ஆகாது. ஃபேன்ஷா என்றே எழுதும் வேறொரு குடியினர் உளர். அவர்கள் பெயர் டார்பிஷயரிலுள்ள ஃபேன்ஷா கேட் என்னும் இடத்தினின்று வந்தது. வாஸ்கோ ட காமாவின் கடற்பயணத்தைப் பாடும் போர்த்துக்கீசியக் காப்பியமாகிய 'லூசியாட்ஸ்' நூலை 1655இல் ஆங்கிலத்தில் பெயர்த்தளித்த சர் ரிச்சர்ட் ஃபேன்ஷா அக்குடியினரே.

பெயர் உள்ள இடத்தில் குருதியுறவும் இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. சசெக்ஸிலுள்ள அப்பார்க் மாளிகையை 1747இல் சர் மாத்யூ ஃபெதர்ஸ்டன்ஹா வாங்கினார். (இக்கிளையார் இரண்டெழுத்துக் குறைத்தே எழுதுவர்.) அவர் மகன் சர் ஹாரி, எழுபதை எட்டிய பின், 1825இல் தம் பால்பண்ணையில் பணிபுரிந்த மேரி ஆன் புல்லக் என்னும் இளம்பெண்ணை மணந்தார். மாளிகை அவ்வம்மையாருக்கும், 1874இல் அவர் தங்கை பிரான்சிசுக்கும் உரியதாயிற்று. பிரான்சிஸ் புல்லக் என்னும் தம் பெயரை விட்டு ஃபெதர்ஸ்டன்ஹா ஆனார். எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸின் தாயார் 1880 முதல் 1893 வரை வீட்டுப்பொறுப்பாளராய் இருந்தது இவரிடத்திலேதான். 1895இல் பிரான்சிஸ் மறைந்த பின் மாளிகையைப் பெற்ற டர்னர் குடியினரும், அவருக்கு அடுத்து வந்த மீட் குடியினரும் தத்தம் பெயரோடு ஃபெதர்ஸ்டன்ஹாவை இணைத்துக்கொண்டனர்.