கறுப்புக் கண்ணாடி: பெயருக்கா, கண்ணுக்கா?

பிள்ளைக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கப் போகிறீர்களா, சகோதரிகளே? பெயர்பெற்ற கம்பனியின் ஒரு சோடி விலைக்கு நடைபாதையில் பல சோடிகள் கிடைக்கும். எதை வாங்குவது?

வெயிலில் கண்ணுக்குத் தீங்கு செய்பவை நம் பார்வைக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள். அவை நெடுங்காலம் பட்டால் கண்புரை வரும் வாய்ப்புக் கூடும். வெண்விழியில் சதையும் வளரலாம். கண்ணாடியின் கறுப்பு நிறம் இக்கதிர்களைத் தடுப்பதில்லை. தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடியை அணிந்தால், மங்கலில் கண்மணி விரிந்து, கதிர்கள் உட்புக வழி அகலமாகிறது. மலிவில் மறைந்திருக்கும் ஆபத்து இதுதான்.

அதற்காகப் பெரும் பணம் கொடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. பிராடா, ஷனெல் பெயர்களில் வரும் கண்ணாடிகளை உரிமம் பெற்றுச் செய்வது இத்தாலியின் லக்சோட்டிக்கா. 1999இல் ரேபான் பெயரையும் அதுவே வாங்கியது. ஆடைக் கம்பனியின் பெயருக்கும் சேர்த்தே நீங்கள் விலை கொடுக்கிறீர்கள். உறுதியான சட்டமும் தெளிவான வில்லையும் கிடைக்கலாம். ஆனால் கதிர்த் தடுப்பு நடுத்தர விலையிலும் உண்டு.

வாங்கும்போது 'யூ.வி. 400' என்ற குறிப்பைத் தேடுங்கள். ஒட்டுத்தாளை மட்டும் நம்பாமல், அளவுகருவி உள்ள மூக்குக் கண்ணாடிக் கடையில் சோதித்துக் கேளுங்கள். 'போலரைஸ்ட்' என்பது நீரிலும் வீதியிலும் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தைக் குறைக்கும். அது வேறு, கதிர்த் தடுப்பு வேறு. பக்கவாட்டையும் மறைக்கும் அகன்ற சட்டம் நல்லது.

பெயர் மற்றவர் பார்க்க. தடுப்பு உங்கள் பிள்ளை பார்க்க.